துரு சொல்லும் செய்தி

உரைநடை உலகம்

நுழையும்முன்

நீரும் காற்றும் உயிர்களுக்கு இன்றியமையாதவை. அவை இரண்டும் இரும்பைச் சேரும்போது துரு பிறக்கிறது. விரல் நீளமே உள்ள ஒரு சிறு கருவியில் படியும் ஈரம், ஓடும் காரை நடுவழியில் நிறுத்திவிடும். காரணத்தை அறியாமல் மேற்கொள்ளும் அவசரச் செயலோ இயந்திரத்தையே அழித்துவிடும். கண்டதை வகைப்படுத்தி, காரணத்தைத் தேடி, அதன்பின் பழுது நீக்கும் அறிவியல் மனப்பான்மையைச் செங்கல்பட்டு மாவட்டத்தின் மழையையும் கடற்காற்றையும் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

மழையும் உப்புக்காற்றும்

சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையில், செங்கல்பட்டிற்கும் மதுராந்தகத்திற்கும் இடையே அமைந்துள்ள ஊர் படாளம். வடபுறம் பாலாறு, தென்புறம் மதுராந்தகம் ஏரி, சுற்றிலும் நெல்லும் கரும்பும் விளையும் வயல்கள். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஊருக்கு அடையாளம். வேடந்தாங்கலுக்குச் செல்வோர் பெருஞ்சாலையை விட்டுத் திரும்பும் கூட்டுச்சாலையும் இங்குள்ளது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் இப்பகுதியின் ஏரிகள் நிரம்புகின்றன. காற்றில் ஈரப்பதம் மிகுகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் பாய்ந்தது. 2022 டிசம்பர் 9ஆம் நாள் நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடந்தது.

படாளத்திற்குக் கிழக்கே, கடலோரத்தில் நிலைமை வேறு. அங்கு மழையில்லா மாதங்களிலும் காற்று உப்புத் துளிகளைச் சுமந்து வருகிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் இக்காற்றால் கூர்மை மழுங்கியுள்ளன. இந்தியத் தொல்லியல் துறை சவுக்கு மரங்களை வளர்த்தும், கரையோரம் கற்களால் தடுப்பு அமைத்தும் அக்கோயிலைக் காத்து வருகிறது. காகிதக் கூழைக் கல்லின்மேல் பூசி, கல்லுக்குள் ஊறிய உப்பை உறிஞ்சி எடுக்கும் முறையும் அங்குக் கையாளப்படுகிறது. கருங்கல்லையே தேய்க்கும் காற்று இரும்பை விட்டுவைக்குமா?

கடலிலிருந்து விலக விலகக் காற்றில் உள்ள உப்பின் அளவு விரைந்து குறைகிறது. ஆதலால், படாளத்தில் நிற்கும் காருக்கு மழைநீரும் பனியும் இடர் தருகின்றன. மாமல்லபுரத்தில் நிற்கும் காருக்கு அவற்றோடு உப்பும் சேர்கிறது. ஒரே மாவட்டத்தில் இருவகை ஈரம் இருப்பதால், ஒரே மாதிரித் தோன்றும் பழுதுக்கும் இருவேறு காரணங்கள் இருக்கக்கூடும்.

தீப்பொறி பிறக்கும் இடம்

பெட்ரோல் காரின் இயந்திரத்தில் சிலிண்டர் எனப்படும் உருளைகள் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு இருக்கும். ஒவ்வோர் உருளைக்குள்ளும் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை பிஸ்டனால் அழுத்தப்படுகிறது. உரிய நொடியில் அதைத் தீமூட்டும் கருவியே தீப்பொறிச் செருகி. பட்டறைகளில் இது ‘ஸ்பார்க் பிளக்’ அல்லது ‘பிளக்’ என்று வழங்கும். டீசல் இயந்திரத்தில் காற்றை மிகுதியாக அழுத்துவதால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைப்பதால், ஆலைக்குக் கரும்பு ஏற்றிவரும் டிராக்டருக்கும் லாரிக்கும் இக்கருவி தேவைப்படுவதில்லை.

செருகியின் நடுவே உலோக மின்முனை ஒன்று செல்கிறது. அதைச் சுற்றி, அலுமினா என்னும் பீங்கான் வகையால் ஆன வெண்ணிறக் காப்பு உள்ளது. அதன் கீழ்ப்பகுதியைச் சுற்றி, மரை வெட்டப்பட்ட எஃகுக் கூடு அமைந்துள்ளது. கூட்டிலிருந்து வளைந்து நிற்கும் மற்றொரு மின்முனைக்கும் நடு மின்முனைக்கும் இடையே ஏறத்தாழ 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கும். ‘இக்னிஷன் காயில்’ எனப்படும் தீமூட்டுச் சுருள், மின்கலத்தின் 12 வோல்ட்டைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. அவ்வுயர் மின்னழுத்தம் இடைவெளியைத் தாண்டிப் பாயும்போது பொறி தோன்றுகிறது. நான்குவீச்சு இயந்திரம் நிமிடத்திற்கு 3000 சுற்றுகள் சுழலும்போது ஒவ்வொரு செருகியும் நொடிக்கு 25 முறை பொறியெழுப்ப வேண்டும்.

தெரியுமா?

ஜெர்மனியின் ராபர்ட் பாஷ் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் காட்லோப் ஹோனால்ட், உயர் மின்னழுத்த மேக்னட்டோவையும் அதனோடு இணைந்து செயல்படும் தீப்பொறிச் செருகியையும் உருவாக்கினார். 1902இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பெட்ரோல் கார்கள் நம்பத்தக்க ஊர்தியாக வளர்ந்ததில் இக்கண்டுபிடிப்புக்குப் பெரும்பங்கு உண்டு.

ஈரம் செய்யும் இடையூறு

மின்சாரம் தனக்கு எளிதான வழியையே நாடும். காய்ந்த பீங்கானின் மேற்பரப்பு மின்னோட்டத்தைத் தடுக்கும். அதன்மேல் தூசி, எண்ணெய்ப்பசை, உப்பு ஆகியவற்றோடு நீர்ப்படலமும் படிந்தால் மேற்பரப்பே மின்வழியாகிவிடும். உயர் மின்னழுத்தம் உள்ளே சென்று இடைவெளியைத் தாண்டாமல், வெளிப்புறமாகவே எஃகுக் கூட்டிற்குக் கசிந்துவிடும். சில செருகிகளின் பீங்கானில் வளையம் வளையமாக வரிகள் அமைந்திருப்பதன் நோக்கம், அவ்வெளிவழியின் நீளத்தை மிகுவித்துக் கசிவைத் தடுப்பதேயாகும்.

கசிவு தொடர்ந்தால் பீங்கானிலும் அதை மூடியுள்ள ரப்பர் உறையிலும் கருநிறக் கோடு ஒன்று பதிகிறது. அக்கோடு கரியால் ஆனது. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஈரம் உலர்ந்த பின்னரும் அவ்வழி நீடிப்பதால், வெயில் நாளிலும் பழுது திரும்ப வருகிறது. ‘மழையில்தான் வண்டி நின்றது, இப்போது வெயிலிலும் நிற்கிறதே’ என்று வியப்போர் முதலில் தேடவேண்டியது அக்கோட்டைத்தான்.

பொறி எழாத உருளை வேலை செய்யாது. இயந்திரம் நடுங்கும், மேம்பாலம் ஏறும்போது இழுவை குறையும். ஓட்டுநர்கள் இதனை ‘மிஸ்ஸிங்’ என்பர். உருளைக்குள் அழுத்தம் மிகும்போது பொறி பாய்வதற்கு இன்னும் உயர்ந்த மின்னழுத்தம் தேவைப்படுகிறது. அதனால், சமதளத்தில் மறைந்திருக்கும் குறை சுமையேறும்போது வெளிப்படுகிறது. கழற்றிய செருகி திறந்த வெளியில் பொறியெழுப்பியது என்பதற்காக அது நலமாக உள்ளது என்று முடிவு செய்யக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். எரியாத பெட்ரோல் புகைபோக்கி வழியே சென்று வினையூக்கி மாற்றியைச் சூடாக்கிக் கெடுக்கும். எனவே, எச்சரிக்கை விளக்கு கண்சிமிட்டும்போது காரைத் தொடர்ந்து ஓட்டுவது செலவைப் பன்மடங்காக்கும்.

துரு பிறக்கும் விதம்

இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் கூடுமிடத்தில் துரு தோன்றுகிறது. இது ஒரு மின்வேதி நிகழ்வு. இரும்பின் ஒரு பகுதி மின்னணுக்களை இழந்து கரைகிறது. மற்றொரு பகுதியில் உயிர்வளி அவற்றை ஏற்கிறது. நீரில் உப்பு கரைந்திருந்தால் அது மின்னை நன்கு கடத்துவதால் துருப்பிடித்தல் விரைவுபெறுகிறது. அன்றியும், உப்பு காற்றின் ஈரத்தைத் தன்பால் ஈர்க்கும். மழையே பெய்யாத நாளிலும் கடலோரக் காரின் உலோகப் பகுதிகள் ஈரமாக இருப்பது இதனால்தான்.

செருகியின் எஃகுக் கூட்டிற்கு நிக்கல் அல்லது துத்தநாக முலாம் பூசப்படுகிறது. முலாம் தேய்ந்த இடத்திலிருந்து துரு தொடங்கும். எஃகுச் செருகி பொருந்தும் இயந்திரத் தலைப்பகுதியோ பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. இருவேறு உலோகங்கள் உப்பு நீரால் இணையும்போது அலுமினியமும் அரிக்கப்படுகிறது. மரையில் அரிப்புப்பொருள் நிறைந்து செருகி இறுகிவிடுகிறது. அதை வலிந்து திருகினால் மென்மையான அலுமினிய மரை சிதையும்.

தெரிந்து தெளிவோம்

உலோக அரிப்பை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் உள்ளது. இதற்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953 சனவரி 14 அன்று இவ்வாய்வகம் திறக்கப்பட்டது. கடற்காற்றும் கடல்நீரும் உலோகங்களை எவ்வாறு அரிக்கின்றன என்பதை ஆராய, மண்டபத்தில் இதற்கென ஒரு நிலையம் உள்ளது.

ஈரம் எங்கிருந்து வந்தது?

நோயைக் கண்டவுடன் மருந்திடாமல் அதன் காரணத்தைத் தேடவேண்டும் என்னும் கருத்தைத் திருக்குறள் ‘மருந்து’ அதிகாரத்தில் வற்புறுத்துகிறது. இயந்திரத்திற்கும் இது பொருந்தும். துருப்பிடித்த செருகியை மாற்றுவது எளிது. நீர் வந்த வழியை அடைக்காவிட்டால் புதிய செருகியும் சில வாரங்களில் அதே நிலையை அடையும். துரு செருகியின் எப்பகுதியில் உள்ளது என்பதே நீர் வந்த வழியைக் காட்டும் முதற்சான்று.

முதலாவது, வெளிப்புறத் துரு. அறுகோணப் பகுதியிலும் அதற்கு மேலும் துரு இருந்து, மின்முனைகள் தூய்மையாக இருந்தால், நீர் வெளியிலிருந்து வந்துள்ளது. பல கார்களில் செருகி ஆழமான குழிக்குள் அமர்ந்திருக்கும். வேப்பமரத்தடியில் இரவு முழுதும் மழையில் நிற்கும் காரை எடுத்துக்கொள்வோம். முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள வடிகாலை உதிர்ந்த இலைகள் அடைத்துக்கொள்கின்றன. வழிய வேண்டிய நீர் இயந்திரத்தின்மேல் சொட்டுகிறது. ரப்பர் உறை வெடித்திருந்தால் அந்நீர் குழிக்குள் இறங்கித் தேங்குகிறது. குழியின் சுவரில் காணும் செம்பழுப்பு வளையம் நீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதைக் காட்டும். இங்குத் தீர்வு இலைகளை அகற்றுவதிலும் உறையை மாற்றுவதிலும் தொடங்குகிறது. இயந்திரப் பகுதியை உயர் அழுத்த நீரால் கழுவுவதாலும் இதே நிலை ஏற்படும்.

இரண்டாவது, உட்புறத் துரு. மரைக்குக் கீழே, மின்முனையில் துரு படிந்திருந்தால் உருளைக்குள் நீர் சென்றுள்ளது என்று பொருள். நெடுநாள் ஓடாமல் நின்ற காரில், இரவுக் குளிரில் உருளைக்குள் ஈரம் படிவதாலும் இது நேரலாம். அவ்வாறன்றி நாள்தோறும் ஓடும் காரில் இந்நிலை இருந்தால் குளிர்விப்பு நீர்மத்தை ஐயுற வேண்டும். உருளைத் தலைப்பகுதியின் கேஸ்கட் பழுதுற்று, ‘கூலன்ட்’ உருளைக்குள் கசியலாம். கசிவு உள்ள உருளையின் செருகி மற்றவற்றைவிட மிகத் தூய்மையாகவோ, வெண்படிவுடனோ காணப்படும். குளிர்விப்பு நீர்மத்தின் அளவு காரணமின்றிக் குறையும். இயந்திரம் சூடேறிய பின்னரும் வெண்புகை வரும். இம்மூன்றும் சேர்ந்திருப்பின் செருகியை மாற்றுவதால் பயனில்லை. கேஸ்கட்டை ஆராய வேண்டும்.

மூன்றாவது, எரிபொருள் வழி வரும் ஈரம். கரும்பின் கழிவுப்பாகு முதலியவற்றிலிருந்து பெறப்படும் எத்தனால் இந்நாளில் பெட்ரோலோடு 20 விழுக்காடு வரை கலக்கப்படுகிறது. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மையுடையது. சிறிதளவு நீர் அதில் கரைந்திருக்கும். அளவு மிகுந்தால் நீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். மாதக்கணக்கில் நிற்கும் கார் கிளம்ப மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

துருவைப் போன்ற தோற்றங்கள்

செந்நிறமாகத் தோன்றுவன அனைத்தும் துருவல்ல. பீங்கான் எஃகுக் கூட்டைச் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் ஒன்று தோன்றுவதுண்டு. காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள்களை உயர் மின்னழுத்தம் ஈர்ப்பதால் உண்டாகும் அக்கறை தீங்கற்றது. மின்முனையைச் சூழ்ந்த பீங்கான் முனையில் செந்நிறத் தூள் படிந்திருந்தால், அது எரிபொருளில் சேர்க்கப்பட்ட இரும்பு அல்லது மாங்கனீசுச் சேர்மத்தின் எச்சமாகலாம். துரு உலோகத்தைத் தின்று குழி ஏற்படுத்தும். படிவு பீங்கானின்மேலும் பூச்சாகப் பரவும். பீங்கான் துருப்பிடிக்காது என்னும் எளிய உண்மை இவ்வேறுபாட்டை அறியத் துணைசெய்யும்.

ஈரத்திலும் வகையுண்டு. பெட்ரோல் மணம் வீசினால் பொறி எழாமல் எரிபொருள் தேங்கியுள்ளது. விரலில் வழவழப்பாக ஒட்டினால் அது எண்ணெய். மணமும் பசையும் இன்றி உலர்ந்தால் அது நீர். இனிய மணமும் சற்றுப் பிசுபிசுப்பும் இருந்தால் குளிர்விப்பு நீர்மம். எதனையும் சுவைத்துப் பார்த்தல் கூடாது; குளிர்விப்பு நீர்மம் நஞ்சு. நலமான செருகியின் முனை வெளிர்பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும்.

ஆராயும் முறை

இயந்திரம் நன்கு குளிர்ந்த பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். மின்கல இணைப்பை நீக்கித் தீமூட்டுச் சுருளை எடுத்தபின், குழியில் உள்ள நீரையும் துருத்தூளையும் காற்றழுத்தத்தால் வெளியேற்ற வேண்டும். இதைச் செய்யாமல் செருகியைக் கழற்றினால், குழியில் உள்ளவை அனைத்தும் உருளைக்குள் விழும். இறுகிய செருகிக்குத் துருநீக்கும் எண்ணெயைச் சிறிதளவு இட்டுக் காத்திருந்து, சிறிது தளர்த்தியும் சிறிது முறுக்கியும் மெல்லக் கழற்ற வேண்டும். பொறுமை இழந்தோர் முறித்த செருகியின் அடிப்பகுதியை எடுப்பதற்கு இயந்திரத் தலைப்பகுதியையே கழற்ற நேர்ந்ததுண்டு.

கழற்றிய செருகிகளை உருளை வரிசைப்படி வைக்க வேண்டும். நான்கும் ஒன்றுபோல் இருந்தால் காரணம் பொதுவானது. ஒன்று மட்டும் வேறுபட்டால் காரணம் அவ்வுருளைக்கு உரியது. ஐயத்திற்குரிய சுருளை அடுத்த உருளைக்கு மாற்றிப் பொருத்திப் பார்க்கலாம். குறை சுருளோடு சேர்ந்து இடம் மாறினால் பழுது சுருளில் உள்ளது. பழைய இடத்திலேயே நின்றால் செருகியையோ உருளையையோ ஆராய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது இச்சோதனையின் உயிர்நாடி.

ஈரமான செருகியை அடுப்பில் காட்டுவதும், உப்புத்தாளால் தேய்ப்பதும் சிலரிடம் காணப்படும் பழக்கங்கள். தேய்க்கும்போது நுண்ணிய மின்முனை சிதையும். கம்பித் தூரிகை பீங்கானில் உலோகக் கீற்றுகளை விட்டுப் புதிய கசிவுவழியை உண்டாக்கும். வெளியே நனைந்த செருகியை உலர்ந்த துணியாலும் காற்றாலும் உலர்த்தினால் போதும். முலாம் போய் மரை அரித்திருந்தாலோ, பீங்கான் வெடித்திருந்தாலோ, மின்முனை துருவேறியிருந்தாலோ மாற்றுவதே முறை. வளையம் உள்ள புதிய செருகியைக் கையால் இறுதிவரை முறுக்கியபின், கருவியால் அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை முறுக்குவது வழக்கம். அந்தந்தக் காரின் கையேடு கூறும் அளவே முடிவானது.

வெள்ளத்தில் நின்ற கார்

2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையையும் அதன் தென்புறப் பகுதிகளையும் சூழ்ந்த வெள்ளத்தில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. இத்தகைய நேரத்தில் காரைக் காக்கும் வழி சாவியைத் தொடாமல் இருப்பதே. இயந்திரத்தில் காற்றுக் கலவை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காக அழுத்தப்படுகிறது. நீரோ அழுத்தத்திற்கு இசையாது. உருளைக்குள் நீர் இருக்கும்போது இயந்திரத்தை முடுக்கினால், மேலெழும் பிஸ்டன் நீரில் மோதி நிற்கும். அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் முடியவேண்டிய பழுது இயந்திரத்தின் விலையாக வளரும் நொடி அது.

எனவே, காற்று வடிகட்டி நனைந்துள்ளதா, இயந்திர எண்ணெய் பால்நிறமாக மாறியுள்ளதா என்று முதலில் காண வேண்டும். ஐயம் இருப்பின் காரை இழுத்துச் சென்று பட்டறையில் சேர்க்க வேண்டும். அங்கு எரிபொருளையும் மின்தீமூட்டலையும் துண்டித்து, செருகிகள் அனைத்தையும் கழற்றியபின் இயந்திரத்தைக் கையால் சுழற்றுவர். செருகித் துளை வழியே நீர் வெளியேறும். எண்ணெயும் வடிகட்டியும் மாற்றப்பட்ட பின்னரே காரை முடுக்குவர்.

சிறிது நேரத்தின் பெறுமதி

ஒரு வாடகைக் காரின் வருவாயில் ஒரு குடும்பம் வாழ்கிறது. மகப்பேற்றுக்காக நள்ளிரவில் செங்கல்பட்டு மருத்துவமனைக்கு விரையும் பெண்ணுக்கு அக்காரே நம்பிக்கை. மழைக்காலத்திற்கு முன் வடிகாலில் கிடக்கும் இலைகளை அகற்றவும் ரப்பர் உறைகளை விரலால் தடவிப் பார்க்கவும் கால்மணி நேரம் போதும். கடலோரத்தில் ஓடும் காரின் வெளிப்பகுதிகளை அவ்வப்போது நன்னீரால் கழுவித் துடைப்பது உப்பின் வலிமையைக் குறைக்கும். கோயில் கல்லிலிருந்து உப்பை நீக்குவோர் மேற்பூச்சால் அதை மறைப்பதில்லை, உள்ளிருந்து வெளிக்கொணர்கின்றனர். பட்டறையில் துருவை ஆராய்வோரும் அதுபோல நீர் புகுந்த வழியைக் கண்டு அடைக்கின்றனர்.

கலைச்சொல் அறிவோம்

ஸ்பார்க் பிளக் – தீப்பொறிச் செருகி
இக்னிஷன் காயில் – தீமூட்டுச் சுருள்
எலெக்ட்ரோடு – மின்முனை
இன்சுலேட்டர் – மின்காப்பு
கூலன்ட் – குளிர்விப்பு நீர்மம்
கனெக்டிங் ராடு – இணைப்புத் தண்டு

கற்பவை கற்றபின்…

1. மூன்று இரும்பு ஆணிகளை முறையே உலர்ந்த கண்ணாடிக் குவளையிலும், நன்னீரில் பாதி மூழ்குமாறும், உப்புநீரில் பாதி மூழ்குமாறும் வைத்து, ஒரு வாரம் நோக்கி அறிந்தவற்றை அட்டவணைப்படுத்துக.
2. உங்கள் ஊரில் உள்ள வாகனப் பட்டறைக்குச் சென்று, மழைக்காலத்தில் மிகுதியாக வரும் பழுதுகள் குறித்து நேர்காணல் செய்து வகுப்பறையில் வழங்குக.
3. பட்டறைகளில் வழங்கும் தொழிற்சொற்கள் இருபதைத் திரட்டி, அவற்றுக்கான தமிழ்ச்சொற்களைக் குழுவில் கலந்துரையாடி உருவாக்குக.

நம்மை அளவிடுவோம்

பலவுள் தெரிக.
1. செருகியின் அறுகோணப் பகுதியில் துருவும் மின்முனையில் தூய்மையும் காணப்பட்டால், நீர் வந்த வழி
அ) எரிபொருள் தொட்டி ஆ) செருகிக் குழி இ) கேஸ்கட் கசிவு ஈ) புகைபோக்கி

குறுவினா
2. ஈரம் உலர்ந்த பின்னரும் ‘மிஸ்ஸிங்’ தொடர்வதற்குக் காரணம் யாது?
3. துருவையும் செந்நிறப் படிவையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?

சிறுவினா
4. படாளத்தில் நிற்கும் காருக்கும் மாமல்லபுரத்தில் நிற்கும் காருக்கும் நேரும் இடர்களை ஒப்பிடுக.
5. வெள்ளத்தில் மூழ்கிய காரை உடனே முடுக்கக் கூடாது என்பதன் காரணத்தை விளக்குக.

நெடுவினா
6. ‘பழுதை நீக்குவதற்கு முன் அதன் காரணத்தை நாடுக’ – பாடப்பகுதி கொண்டு இக்கருத்தை நிறுவுக.